சட்டியில் பச்சை பூத்தது பற்றி

அன்பு மகன் செந்திலுக்கு, அப்பா எழுதுவது.

அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைச் சட்டி உள்ளே பச்சை பூத்துவிட்டதென்று அக்காவிடம் சொன்னாயாம். எங்களிடம் சொல்லவில்லை. சரி, போகட்டும். உள்ளே பூசிய ஈயம் போன சட்டியில் புளி ஊற்றாதே, தயிர் வைக்காதே. களிம்பு இறங்கினால் வாந்திதான்.

அங்கேயே ஈயம் பூசக் கொடுத்தால் பக்கத்தில் நின்று பார். ஊர் ஊராகப் போய் ஈயம் பூசிய உன் தாத்தா முதலில் புளியும் மணலும் போட்டு, உள்ளே ஏறி நின்று, கந்தல்மேல் காலை வைத்து இடுப்பைத் திருப்பித் திருப்பித் தேய்ப்பார். பாதி வேலை அதுதான். விளிம்பு மடிப்பில் அழுக்கு நின்றால் அங்கே ஈயம் பிடிக்காது. பிறகு குழியில் கரி, துருத்தி. நவச்சார உப்புத் தூளைத் தூவினால் வெள்ளைப் புகை எழ வேண்டும், அதுதான் பதம். ஈயக் குச்சியை இழுத்ததும் உருகி ஓடும். பஞ்சால் ஒரே வீச்சில் சுற்றித் துடைத்துத் தண்ணீரில் முக்க வேண்டும். சூடு குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். கூடினால் பூச்சு கருகும், பற்றுவைத்த இடமும் கழன்றுவிடும்.

வெள்ளீயம் விலை கூட. அதனால் காரீயம் கலப்பார்கள், அது விஷம். நல்ல குச்சியைக் காதோரம் வளைத்தால் கிரீச்சென்னும். காரீயம் ஊமை, விரலிலும் கறுப்பு ஒட்டும். தாத்தா கேட்காமலே வளைத்துக் காட்டிவிட்டுத்தான் துருத்தியை இறக்குவார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு வாங்கிக்கொண்டு தாத்தாவுக்கு அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கம் நடை. பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் முந்தின வாரங்களில்தான் காசு பார்க்கலாம். ஏற்காட்டு மலையில் நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் மழையில் ஏறினால் நஷ்டம். கரி ஈரத்தில் புகையும், சூடு ஏறாது. காபிப் பழம் பறித்த கூலி கைக்கு வரும் தை, மாசியில்தான் ஏறுவார். காசில்லாத வீட்டில் ராகியோ சாமையோ அளப்பார்கள். படியைக் குவித்து அளக்கிறார்களா, தலைதட்டி அளக்கிறார்களா என்பதில்தான் லாபமே. 1981-ல் நம் சேலம் உருக்காலை எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கும் முன்பே அடுப்படிகளில் எவர்சில்வர் நுழைந்துவிட்டது. அதற்கு ஈயப் பூச்சு வேண்டாமே.

கூழ் குடிக்காமல் தாத்தா வெளியே கால் வைத்ததில்லை. நீயும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

அக்கா காட்டிய போட்டோவில் முழங்கை வரை கறுத்திருக்கிறாய். ஏசியில் உட்காருகிறவனுக்கு அப்படிக் கறுக்காது. நான் எதுவும் கேட்கவில்லை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்த பிள்ளை என்று தெருவே சொன்னது. அப்படிப்பட்டவன் மாதக்கணக்கில் போன் எடுக்காமல் இருக்கலாமா? தலைக்குத் துண்டு கட்டிக்கொள். தண்ணீர் பாட்டில் வண்டியிலேயே இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

பத்தாவதில் மார்க் குறைந்தபோது, "படிக்காவிட்டால் தாத்தா மாதிரி வாசல் வாசலாக நிற்க வேண்டியதுதான்" என்று கத்தினேன். அவர் திண்ணையில்தான் இருந்தார். பள்ளிக்கூடப் பாரத்தில் அவர் தொழிலைப் 'பாத்திர வியாபாரம்' என்று எழுதியவனும் நான்தான். தப்பு கண்ணு. அதை நீ இன்னும் மனதில் வைத்துக்கொண்டுதான் எங்களிடம் பேசாமல் இருக்கிறாயோ என்னவோ.

அங்கே யாரிடமும் கொடுக்க வேண்டாம், சட்டியை எடுத்துக்கொண்டு வா. எனக்குப் பூசத் தெரியும், உன்னிடம் சொன்னதில்லை. துருத்தித் தோலை எலி கடித்துவிட்டது, குறடு பரணில் நன்றாக இருக்கிறது. நவச்சாரம் கால் கிலோ வாங்கி வைக்கிறேன்.

அப்பா