ஊர்ப் பெரியவர்களே, அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்

கொங்கு நாட்டு ஊர்ப் பெரியவர்களுக்கும், ஊராட்சித் தலைவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் வணக்கம்.

காங்கயம் பக்கம் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். நீங்கள் எழுதித் தரும் கடிதத்தைப் பற்றித்தான் இந்த மடல். "மேற்படி நபருக்கு வாரிசு யாரும் இல்லை, தங்கள் இல்லத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று நாலு வரி, கீழே கையெழுத்து, பச்சை மை. 2025 ஜனவரியில் நம் மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துபோனது. அதன் பிறகும் சிலருடைய லெட்டர்பேடு மட்டும் பதவியிலேயே இருக்கிறது.

கடிதத்தோடு காரில் வந்து இறக்குகிறார்கள். கூட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரராம், பாவம் பார்த்துக் கூட்டி வந்தாராம். மூக்கையும் நெற்றியையும் பார்த்தாலே யார் பெற்ற பிள்ளை என்று தெரிந்துவிடும். இருந்தாலும் நாங்கள் எதுவும் கேட்பதில்லை. கேட்டால், வந்த வழியில் ஏதாவது ஒரு பேருந்து நிலையத்தில் அந்த அம்மாவை இறக்கிவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்தான்.

போன ஆடியில் அவிநாசிப் பக்கமிருந்து ஓர் ஆத்தா இப்படித்தான் வந்தார். இரண்டொரு நாளில் பேச்சு குழறியது, நாக்கு வறண்டது, அப்புறம் கண்ணே திறக்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வருடக்கணக்காகச் சர்க்கரைக்கு ஊசி போட்டு வந்தவர் என்று அங்கேதான் தெரிந்தது. சேர்க்கும்போது அதை யாரும் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைக் கொடுத்தால் அதில் பெயரும் ஊரும் இருக்கும் அல்லவா. உடம்பு தேறிய பிறகு அவரே மெல்லச் சொன்னார்: கிணற்றோடு தோட்டம், இரண்டு பையன்களுக்கும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாயிற்று, பெரியவனுக்குச் சொந்தமாகத் தறி ஓடுகிறது. "பையன் பேரு கெட்டுரும் கண்ணு, யாருகிட்டயும் சொல்லிப்போடாதே" என்றார். ஒரு மகளும் உண்டு. வீட்டில் ஆள் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து எங்களுக்குப் போன் செய்து, அம்மா சாப்பிட்டாளா என்று கேட்பார். சீர் வாங்கிக்கொண்டு போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டு விஷயத்தில் என்ன பேச்சு என்று அவர் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இடம் இல்லாத குறைதான் எங்களுக்குப் பெரிய குறை. திருப்பூர், ஈரோடு ரயில் நிலையங்களில் இறங்குகிற எல்லோரும் வேலைக்கு ஆள் கூப்பிட்டு வருகிறவர்கள் இல்லை. தன்பாத்–ஆலப்புழை ரயிலில் மனம் பேதலித்து ஏறி, எந்த ஊர் என்று தெரியாமலே இறங்குகிறவர்களும் உண்டு. அப்படித் திரிகிறவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ அமைப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். சிகிச்சை முடிந்ததும் போக இடம் வேண்டும், அப்போதுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். அந்த மாதிரி ஆளை ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய்க் கைரேகையும் கண்ணும் பதிந்தால், முன்பே ஆதார் எடுத்தவராக இருக்கும்பட்சத்தில் புது விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதைப் பிடித்துக்கொண்டு பழைய பதிவைத் தேடிப் போய், பீகாரிலும் ஒடிசாவிலும் இருக்கும் வீட்டுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அவருக்கு ஒரு கட்டிலும் ராத்திரி விழித்திருக்க ஓர் ஆளும் வேண்டும். அந்தக் கட்டிலில் இப்போது படுத்திருப்பது, அரை மணி நேரப் பயணத்தில் சொந்த வீடு உள்ள ஓர் அம்மா.

எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசவில்லை. பனியன் கம்பெனியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு, ஒற்றை அறை லைன் வீட்டில் படுத்த படுக்கையான தாயை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் வருகிறார்கள். பகலில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது, மூத்திரத் துணி காயப்போட இடம் கிடையாது. அவர்களுக்கு உங்கள் பொய்க் கடிதம் தேவையே இல்லை. உள்ளதைச் சொன்னால் போதும், கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறோம், வரவும் செய்கிறார்கள். வராதவர்கள் பெரும்பாலும் நிலம் வாங்கிக்கொண்டவர்கள்தான் என்பது நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அவர்களுக்காகவே 2007-இல் ஒரு சட்டம் வந்தது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தீர்ப்பாயம். திருப்பூர், தாராபுரம், உடுமலை, கோபி, ஈரோடு, பொள்ளாச்சி என்று கூப்பிடு தூரத்தில் அலுவலகங்கள் இருக்கின்றன. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மனுவைப் பெற்றவரே கொடுக்கலாம், அவரால் முடியாதபோது, அவர் ஒப்புக்கொண்டால் எங்களைப் போன்ற அமைப்பும் கொடுக்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். மகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பிள்ளை இல்லாதவர் என்றால், அவர் சொத்தை வைத்திருக்கிற, அல்லது அவருக்குப் பின் அது போய்ச் சேரப்போகிற உறவினர் பார்த்தாக வேண்டும். "தம்பி மகன்தான் தோட்டத்தை ஓட்டறான், ஆனா வாரிசு இல்லைங்க" என்று எழுதித் தருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்த்துக்கொள்ள வேண்டிய மூத்தவரை ஓரிடத்தில் அடியோடு விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சொத்து எழுதும் இடத்தில் நீங்கள் சாட்சியாக நிற்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். "எங்களை ஆயுள்வரை வைத்துப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு செட்டில்மெண்ட் எழுதி, பிள்ளை பராமரிக்காமல் போனால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அதே 2007 சட்டத்தின் 23-ஆவது பிரிவு அது. தாய் எழுதிக் கொடுத்த சொத்தை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தாயிடமே திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. அந்த ஒரு வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் பத்திர எழுத்தரிடம் கேட்டுவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? "பெத்த பையனை நம்பாம எழுதச் சொல்றதா" என்று பெரியவர்களே கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தை உடைத்துப் பேச, சாட்சிக்கு வந்த உங்களால் முடியும்.

மனு போட ஆத்தாமார் பலர் சம்மதிப்பதில்லை என்பதும் நிஜம். சட்டம் வேண்டாம், ஊருக்குள் பேசினால் போதும் என்கிறார்கள். வரப்புத் தகராறையும் கோயில் வரி பாக்கியையும் ஒரே சாயங்காலத்தில் பேசி முடிக்கிறவர்கள் நீங்கள். தாய்க்குச் சோறு யார் போடுவது என்ற கணக்குக்கு மட்டும் ஏன் உட்கார மறுக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த தேர்தல் கணக்கோ என்னவோ.

இன்னொன்று. இப்படிக் கொண்டுவந்து விட்டவர்களில் சிலர், இறந்த பிறகு வருகிறார்கள். இடுகாட்டுக்கு வருவதில்லை, இறப்புச் சான்றிதழுக்கு வருகிறார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கவும் பட்டா மாற்றவும் அது தேவைப்படுகிறது. வாரிசு இல்லை என்று எழுதித் தந்த அதே கையெழுத்து, இவர்தான் வாரிசு என்று இன்னொரு தாளில் வந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.

இனி நாங்கள் செய்யப்போவது இது. உங்கள் கடிதத்தோடு யார் வந்தாலும் கதவைச் சாத்த மாட்டோம், சேர்த்துக்கொள்வோம். காவல் நிலையத்துக்கு எப்போதும் போல் தகவல் கொடுப்போம், அதோடு உங்கள் கடிதத்தின் நகலையும் இணைப்போம். பிள்ளைகள் இருப்பது தெரிந்து, பெரியவரும் சம்மதித்தால், அந்த வாரமே கோட்டாட்சியரிடம் மனு போகும். மனுவில் சாட்சிகள் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். ஆகவே கடிதத்தில் உங்கள் கைபேசி எண்ணைத் தெளிவாக எழுதிவிடுங்கள், விசாரணைக்கு வரச் சொல்லிக் கூப்பிடும்போது அவர்களுக்குச் சிரமம் இருக்காது.