அம்புவின் கயிற்றை எனக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பெயர் போட்டு எழுத வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். "என் பெயர் வந்தால் நாளைக்கே பத்துப் பேர் நாய்க்குட்டி கேட்டு வாசலில் நிற்பார்கள், வேண்டாம் தாயி" என்று, நாய் பழக்க எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரை மட்டும் போட மனம் வரவில்லை. அதனால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதுரையில் நடந்த நாய்கள் கண்காட்சியில், 14 மாதமான என் சிப்பிப்பாறை இன ஆண் நாய், கடுவன் அம்பு, நடுவர் பல்லைப் பார்த்து முடிக்கும் வரை நான்கு கால்களும் தரையில் பட நின்றான். ஜூனியர் வகுப்பில் வந்திருந்தவை மூன்று நாய்கள். எங்களுக்கு மூன்றாம் இடம். இதற்கா நன்றி மடல் என்று கேட்பவர்கள், ஆறு மாதத்துக்கு முன் அவன் முதன்முதலாக ரிங்குக்குள், அதாவது நடுவர் நாய்களைப் பார்க்கும் களத்துக்குள், நுழைந்த காட்சியைப் பார்க்காதவர்கள்.

அன்று நான் சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். நாலு பேர் பார்க்கும் இடம், நன்றாக உடுத்திப் போக வேண்டும் என்ற எண்ணம். அம்பு என்னை இரண்டு சுற்றுச் சுற்றினான். கயிறு முழங்காலோடு சேர்த்துக் கட்டிவிட்டது. குனிந்த நடுவர் மீது தாவி, வெள்ளைச் சட்டையில் இரண்டு பாதங்களையும் பதித்து, மூக்குக் கண்ணாடியை நக்கினான். பந்தலுக்கு அப்பால் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் உருண்டது. சிப்பிப்பாறைகள் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் வேட்டை நாய்கள். தூரத்தில் எது அசைந்தாலும் கால்கள் தாமாகக் கிளம்பிவிடும். அவன் கிளம்பினான். நானும் கிளம்பினேன், நின்ற வாக்கில் அல்ல.

என் முதல் நன்றி அந்த நடுவருக்கு. எங்களை வெளியே அனுப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நாய் நல்ல நாய். நீங்கள் பழகிவிட்டு வாருங்கள்" என்றார். கோபம் துளியும் இல்லாமல் சொன்னதால்தான் அது எனக்கு உறைத்தது.

அண்ணாச்சியைச் சந்தித்தது அன்று மாலை, டீக்கடை வாசலில். எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர். அவருடைய அப்பா காலத்தில் முயலுக்குப் போன நாய்களின் வழிவந்தவை இப்போது அவரிடம் ஆட்டுக்கிடைக்கும் தோட்டத்துக்கும் காவல் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை கிடையாது. அம்புவைத் தொடாமல், கூப்பிடாமல், பக்கவாட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தேன். "நாய் துள்ளுமுன்பே கயிறு துள்ளுகிறதே தாயி" என்றார்.

அடுத்த ஐந்து மாதங்கள் ஞாயிறு காலைகள் அவருடைய தோட்டத்தில் கழிந்தன. முதல் இரண்டு வாரம் நாயை எதுவும் செய்யச் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேயும். இந்தப் பக்கம் நாங்கள் நிற்போம். அவன் இழுத்தால் பத்தடி பின்னால் போவோம். கண்ணை ஆட்டிலிருந்து எடுத்து என் பக்கம் ஒரு நொடி திருப்பினால் ஈரல் துண்டு. அவ்வளவுதான் பாடம். இரண்டாவது மாதம் வேலிக்கு அருகிலேயே நிற்க முடிந்தது. கயிற்றைத் தளர்வாக விட்டுப் பிடிப்பதற்கு எனக்குத்தான் அதைவிட அதிக நாள் ஆயிற்று.

நிற்க வைப்பதையும் அவரிடமே கற்றேன். முன்னங்கால்கள் தோளுக்கு நேர்கீழே. அதன்பின் பின்னங்கால்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சம் பின்னால் வைக்க வேண்டும். கழுத்துப்பட்டை காதுக்குப் பின்னால் உயரத்தில் இருக்க வேண்டும். முதுகை அழுத்தவே கூடாது. அழுத்தினால் இந்த இனம் உட்கார்ந்துவிடும், அல்லது வில்லாக வளைந்து நழுவிவிடும். நான் ஆசையாக "உட்கார்" சொல்லிக் கொடுத்து வைத்திருந்தது பெரிய தொந்தரவாகிவிட்டது. ஈரலைக் கையில் எடுத்தாலே உட்கார்ந்துவிடுவான். ரிங்கில் உட்கார்ந்த நாயை வைத்து நடுவர் என்ன செய்வார்? அதை மறக்கடிக்கவே ஒரு மாதம் போயிற்று.

தலை சுற்றும் அளவுக்கு அறிவுரை சொன்னவர்களும் உண்டு. கண்காட்சியன்று காலையில் பாதித் தூக்க மாத்திரை கொடுத்துவிடு, அடங்கிவிடும் என்றார் ஒருவர். நல்லவேளையாக அதைக் கால்நடை மருத்துவர் அம்மாவிடம் கேட்டேன். மேசையைத் தட்டித் திட்டினார். "இது நோய் இல்லை, வயது. மருந்தில் தள்ளாடும் நாயின் நடையை நடுவர் எப்படிப் பார்ப்பார்?" நெஞ்சு ஆழமான நாய்க்கு வயிறு முட்டத் தீனி போட்டுவிட்டு ஓடவிடக் கூடாது, வயிறு முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அவரே சொன்னார். நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் 15 இலக்கங்களைப் படிவத்தில் நான் ஒன்று மாற்றி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். தபால் நிலையத்தில் பின்கோடு சரிபார்ப்பதே என் வேலை என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

தபால் நிலையம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2005இல் நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டார்கள். ராஜபாளையம் அதில் இருக்கிறது, சிப்பிப்பாறை இல்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசி, சிப்பிப்பாறையையும் சேர்த்துச் சொன்னபோது எங்கள் தெருவில் அம்பு இல்லை, நாய் வளர்க்கும் எண்ணமும் எனக்கு இல்லை. இப்போதானால் அவனைக் காட்டித் தெருவெல்லாம் சொல்லியிருப்பேன். என்ன சொன்னாலும், விலா எலும்பைப் பார்த்துவிட்டு, "சோறு போடுவதில்லையா அம்மா?" என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அவன் உடல்வாகு அப்படி. என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறான்.

இனி ஆட்டோ நிறுத்தத்து அண்ணன்மார். அந்நியர் கை பட்டால் துள்ளும் நாய்க்கு அந்நியர் கைகள் நிறைய வேண்டும் என்றார் அண்ணாச்சி. நான் எங்கே போவேன்? கூச்சத்தோடு உங்களிடம் கேட்டேன். மறுநாளிலிருந்து சவாரி இல்லாத நேரமெல்லாம் நீங்கள் நடுவர்களாகிவிட்டீர்கள். ஒருவர் தொப்பி, ஒருவர் கறுப்புக் கண்ணாடி, ஒருவர் ஹெல்மெட், மழை நாளில் ஒருவர் குடையோடு. முகத்துக்கு நேராகப் போகாமல் பக்கத்திலிருந்து கையை நீட்டுவதை, உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பதை, தோளைத் தடவி, முதுகோடு கையை ஓட்டி, கடுவன் என்பதால் பின்பக்கத்தையும் சரிபார்ப்பதை நீங்கள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டீர்கள். "மார்க் போடவா மேடம்?" என்று கேட்டவர் கடைசிவரை பத்துக்கு ஆறுக்கு மேல் தரவில்லை. அவருக்குத் தனி நன்றி.

என் அம்மாவுக்கு நன்றி சொல்லாமல் வீட்டுக்குள் போக முடியாது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆனால் ஈரலை வேகவைத்து, நறுக்கி, வெயிலில் காயவைத்துப் பொட்டலம் கட்டியதெல்லாம் அவர்தான். மொட்டை மாடியில், தனிச் சட்டியில். காக்கையை விரட்டக் கம்போடு உட்கார்ந்திருந்ததும் அவரே. நாய்க்காக இவ்வளவா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்காக இவ்வளவா என்று கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஞாயிறன்று வரிசையில் எனக்கு முன்னால் டாபர்மேனோடு நின்ற தங்கைக்கு: என்னை யாரென்றே உனக்குத் தெரியாது. எண் அட்டையை வலது கையில் கட்டியிருந்த என்னைப் பார்த்துச் சிரிக்காமல், அவிழ்த்து இடது கையில் கட்டிவிட்டாய். "திரும்பும்போது நாய்க்கும் நடுவருக்கும் நடுவில் வந்துவிடாதீர்கள் அக்கா. நடக்காதீர்கள், ஓடுங்கள். நீங்கள் மெதுவாகப் போனால்தான் அவன் குதிப்பான்" என்றாய். கண்காட்சிக்கென்றே விற்கும் உன் மெல்லிய கயிற்றை என் கையில் திணித்துவிட்டு, உன் நாயைப் பழைய சங்கிலியில் பிடித்துக்கொண்டாய். நான் ஓடினேன். சுடிதாரும் ஷூவும் போட்டிருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நடையைப் பார்க்க நடுவர் ஓடச் சொல்லும் முக்கோணத்தின் இரண்டாவது பக்கத்தில் அம்பு முதன்முறையாகக் குதிக்காமல் நீட்டி எட்டு வைத்தான். கயிற்றில் இழுப்பே இல்லை. கையில் கயிறு இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, அந்த இடைவெளியில் மூன்றாவது பக்கத்தில் ஒரு முறை குதித்துவிட்டான்.

எங்கள் எண்ணை மூன்று முறை கூப்பிட்டும் பொறுமை இழக்காத ரிங் உதவியாளருக்கும், என் நாய் குரைத்தபோது தம் கிரேட் டேனைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு போன பெரியவருக்கும் நன்றி. எல்லோருக்கும் கொடுக்க எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் இரண்டு கிலோ கொண்டு வந்திருந்தேன். பரிசளிப்பு நேரத்தில் பையைக் கீழே வைத்தது என் தவறு. ஒரு கிலோவுக்குக் குறையாமல் யார் சாப்பிட்டார் என்று சொல்லத் தேவையில்லை. அன்றிரவே தொலைபேசியில் வழி சொன்ன மருத்துவர் அம்மாவுக்கு இரண்டாம் முறை நன்றி. அவன் நலமாக இருக்கிறான்.

தங்கையே, உன் கயிறு இன்னும் என்னிடம் இருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன், அடுத்த கண்காட்சியில் தருகிறேன். ஆட்டோ அண்ணன்மாருக்கு: நாளை காலை ஏழு மணிக்கு வருகிறோம், பல் பார்க்க ஆள் வேண்டும். மிட்டாய் புதிதாக வாங்கிவிட்டேன். இந்த முறை வண்டியின் கூரைமேல் வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
அம்புவைக் கூட்டிக்கொண்டு வருபவள்,
கோவில்பட்டி