பொங்கலுக்கு வேண்டாம், மாசியில் வா

அன்புள்ள பாப்பா,

புது ஜிம்னி காரைக் கொள்ளிடக் கரையிலிருந்து படுகைக்குள் இறக்கி ஓட்டிப் பார்க்கணும் என்று போனில் சொன்னாயே, தாராளமாக ஓட்டு. ஆனால் பொங்கலுக்கு வேண்டாம். மழை விட்டு மேலே வெடித்துக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் நம் களிமண் அடியில் வழவழவென்றுதான் கிடக்கும். டயர் பள்ளத்தில் சேறு அப்பிக்கொண்டால் ஃபோர் வீல் போட்டும் சும்மா சுற்றும்.

கரைச் சரிவில் இறங்கும்போது ஃபோர் எல் (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற நிலை), முதல் கியர். கிளட்சை மிதிக்காதே, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நேராக இறங்கு, பாதியில் குறுக்கே திருப்பினால் சாய்த்துவிடும்.

அப்புறம்தான் உண்மையான வேலை, வண்டிச்சோடை. கீழே இருக்கிற தடமெல்லாம் டிராக்டர் போட்டது, அதன் பெரிய சக்கரத்துக்கு ஏற்ற ஆழம், நடுவில் புல் முளைத்த மேடு. சோடைக்குள்ளேயே போனால் அந்த மேடு ஜிம்னியின் அடியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் மறுபக்கத்தை ஓரத்திலும் ஏற்றி ஓட்டு. கட்டைவிரலை ஸ்டீயரிங்குக்குள் மடக்கிப் பிடிக்காதே, சக்கரம் சட்டென்று திரும்பினால் விரல் போய்விடும்.

மணல் வந்ததும் டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிடு. சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதித்துக் குழி தோண்டாமல் வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடு. திரும்பத் தார்ரோடு ஏறும்போது டூ எச்சுக்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரண நிலை) மாற்று, காற்றை நிரப்பாமல் வேகமாக ஓட்டாதே.

தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று தெரிந்தாலும் ஆற்றுக்குள் விடாதே. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? இறங்கி நடந்து ஆழம் பார்க்கலாம் என்றால் அணைக்கரைப் பக்கம் முதலை வேறு.

அறுத்த வயல்தானே என்று வரப்பைத் தாண்டியும் இறக்காதே. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். தாளுக்கு நடுவே அது முளைத்திருப்பது வண்டிக்குள்ளிருந்து தெரியாது, வயல்காரர் கோபம் மட்டும் நன்றாகத் தெரியும்.

தனியாக இறங்க வேண்டாம், சித்தப்பா டிராக்டரோடு மேலே நிற்பார். இழுக்கிற கயிறும் காற்றடிக்கும் பம்பும் நீ இருக்கிற ஊரிலேயே வாங்கிக்கொண்டு வா. கயிற்றை வண்டிக் கொக்கியில்தான் மாட்டணும், பம்பரில் இல்லை. அம்மா முன் சீட்டு தனக்குத்தான் என்கிறாள், அதை நீயே பேசிக்கொள்.

அப்பா