கண் சிமிட்டும் இடம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு இடது கண்தான் காரணம். புரை எடுத்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. சொட்டு மருந்துக்கு மருமகள் அலாரம் வைத்துக்கொண்டு துரத்துகிறாள். கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்தால் தெருப் பையன்கள் சிரிக்கிறார்கள். உன் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்!

பேரன் எடிட்டிங் படிக்கப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், வெட்டி ஒட்டுவதற்கு ஒரு படிப்பா என்று எழுதியிருக்கிறாய். கோடம்பாக்கத்தில் பன்னிரண்டு வருஷம் அசிஸ்டென்டாகக் குப்பை கொட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஒருமுறை ஆறு பிரேம் காணாமல் போய், ராத்திரி முழுக்கத் துண்டு பிலிம் தொங்கும் துணித்தொட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். விடிந்து பார்த்தால் என் சட்டைக் காலருக்குள் இருந்தது. என் கதை அவ்வளவுதான். ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் கதையைச் சொல்கிறேன், பையனுக்கும் படித்துக் காட்டு.

1943இல் நியூயார்க்கில் பிறந்தவர். முதலில் ஒலிக்காரர், ‘காட்பாதர்’ படத்தில் ஒலி வேலை பார்த்தவர். 1974இல் வந்த ‘தி கான்வர்சேஷன்’தான் எடிட்டராக அவர் கைவைத்த முதல் பெரிய படம். டைரக்டர் கொப்போலா அதை எடுத்துக் கொடுத்துவிட்டு ‘காட்பாதர்’ இரண்டாம் பாகத்துக்கு ஓடிவிட்டார். மர்ச் ரஷ்களோடு, அதாவது வெட்டாத பிலிம் குவியலோடு, தனியாக மல்லுக்கட்டினார்.

படத்தின் கதை இது: ஒட்டுக்கேட்பதே தொழிலான ஒருவன், சதுக்கத்தில் ஒரு ஜோடி பேசுவதை டேப்பில் பிடிக்கிறான். அதில் ஒரு வரி: “வாய்ப்புக் கிடைச்சா அவன் நம்மளக் கொன்னுடுவான்.” படம் நெடுக அழுத்தம் ‘கொன்னுடுவான்’ மேல். ஐயோ பாவம் என்று பதறுகிறோம். கடைசியில் அதே வரி வருகிறது, அழுத்தம் ‘நம்மள’ மேல். அவன் முந்துவதற்குள் நாம் முந்திக்கொள்ளணும் என்றாகிவிடுகிறது. இரண்டு விதமாகவும் வாய்விட்டுச் சொல்லிப் பார், வீட்டில் யாரும் இல்லாதபோது! கடைசியில் வரும் அந்தப் பதிவு, மர்ச் முதலில் வேண்டாமென்று ஒதுக்கி வைத்தது. காதுள்ள எடிட்டர் என்பதால்தான் அது அவருக்கு ஞாபகத்தில் நின்றது என்பேன்.

அந்தப் படத்தில்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கட் செய்ய வேண்டும் என்று இவருக்குத் தோன்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுக்கேட்பவனாக நடித்த ஜீன் ஹாக்மேன் கண் சிமிட்டிக்கொண்டிருந்தார், திரும்பத் திரும்ப. ஒரு நினைப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் மனுஷன் சிமிட்டுகிறான், ஆக கட்டும் அங்கேதான் விழணும் என்று பிடித்துக்கொண்டார். கண் டாக்டர் என்னை அடிக்கடி சிமிட்டச் சொன்னபோது சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்கு விளக்கவா முடியும்!

‘அபோகலிப்ஸ் நவ்’ படத்துக்கு 12,50,000 அடிக்கு மேல் பிலிம் குவிந்தது. முடிந்த படத்தில் நின்ற கட்டுகளை வைத்து மர்ச் கணக்குப் போட்டுப் பார்த்தாராம்: ஒரு எடிட்டருக்கு ஒரு நாளைக்கு 1.47 கட்! நம் முதலாளிகள் கேட்டிருந்தால் சம்பளத்தில் கைவைத்திருப்பார்கள். போட்டுப் பார்த்துப் பிரித்த கட்டெல்லாம் அந்தக் கணக்கில் ஏறாது, மாப்ளே. அந்தப் படத்தின் ஒலிக்கு ஆஸ்கர் கிடைத்தது.

‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ வேலை பிலிமில் தொடங்கி, நடுவில் மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, வீட்டிலிருந்தே செய்வதற்காகக் கம்ப்யூட்டருக்கு மாறினார். படம் 1996இல் வந்தது. எடிட்டிங், ஒலி இரண்டுக்கும் ஒரே ராத்திரியில் ஆஸ்கர். கம்ப்யூட்டரில் வெட்டிய படத்துக்கு எடிட்டிங் ஆஸ்கர் கிடைத்தது அதுதான் முதல் தடவை. மூலநாவலை எழுதிய மைக்கேல் ஒண்டாச்சி கொழும்பில் பிறந்தவர், மர்ச் பிறந்த அதே வருஷம். பிறகு மர்ச்சோடு பேசிப் பேசியே ஒரு புத்தகம் போட்டார்.

மனுஷன் நின்றுகொண்டேதான் எடிட் செய்வார். சமையல்காரரும் சர்ஜனும் நின்றுதானே வேலை பார்க்கிறார்கள் என்பது அவர் கட்சி. மானிட்டருக்கு இரண்டு பக்கமும் காகிதத்தில் வெட்டிய குட்டி ஆள் உருவங்கள் இருக்கும். அந்த உருவங்கள்தான் ஜனங்கள், பக்கத்தில் இருப்பது தியேட்டர் திரை என்று வைத்துக்கொள்வார். சின்னப் பெட்டியில் பார்த்துக் கண் ஏமாறக்கூடாதே. உன் பேரன் போனிலேயே வெட்டுகிறான் என்றாயே, அவனுக்கு நகம் அளவில் இரண்டு பொம்மை வெட்டிக் கொடு.

பையனை அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்பிவை, அதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். ‘கான்வர்சேஷனை’ப் போட்டுக் காட்டுகிறேன், முதலில் சத்தம் இல்லாமல். நீயும் வருவதானால் வா, கீழ் அறையில்தான் டிவி. படம் ஓடும்போது மட்டும் தொணதொணக்காதே.

உன் பழைய அறைத்தோழன்