தேய்ந்த விரல், நனைந்த விரல் எல்லாவற்றுக்கும் நன்றி

அன்புடையீர்,

விரல்ரேகை ஆய்வில் இறங்குகிறவருக்கு முதல் முட்டுக்கட்டை தரவுதான். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ரேகையை மாற்ற வழியில்லை. அது தெரிந்தும் விரலை நீட்டியவர்களுக்கும், திரட்டியதைப் பொதுவில் வைத்தவர்களுக்கும் நன்றி.

முதல் நன்றி, விரல்ரேகை ஒப்பிடும் நிரல்களுக்கான எஃப்விசி 2004 போட்டிக்காக விரல் கொடுத்த இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழக மாணவர்களுக்கு. ஓர் அமர்வில் மெல்லத் தொட்டும் அழுத்தியும், அடுத்ததில் தோலை இழுத்தும் விரலைத் திருப்பியும், மூன்றாவதில் உலர்த்தியும் நனைத்தும் பதித்தார்கள். உலர்ந்த விரலில் ரேகைக்கோடு துண்டுதுண்டாகும். ஒவ்வொரு துண்டின் நுனியையும் நிரல் ‘ரேகை முடிவு’ என்று எண்ணிவிடும். ஈர விரலில் பக்கத்துக் கோடுகள் ஒட்டிக்கொண்டு இல்லாத கிளைகள் முளைக்கும். தோல் இழுபட்டாலோ, கோடு முடியும், கிளைக்கும் புள்ளிகள் சரியாகவே கிடைக்கும். அவற்றுக்கு இடையிலான தூரம்தான் மாறியிருக்கும். மூன்றில் இதுதான் எளிதில் பிடிபடாது. பளிச்சென்ற படங்களை மட்டும் வைத்திருந்தால் இதெல்லாம் தெரியவே வராது.

போட்டியை நடத்திய ஆய்வகங்கள் வகுத்த கணக்கும் பெரிய உதவி. ஒரு தொகுப்புக்கு 100 விரல், விரலுக்கு 8 பதிவு. ஒரே விரலுக்குள் 28 ஜோடி வீதம் 2,800 ஒப்பீடு. வேற்று விரல்களுக்கு முதல் பதிவுகளை மட்டும் வைத்து 4,950. கோப்புப் பெயரில் அடிக்கோட்டுக்கு முன்னால் விரல் எண், பின்னால் பதிவு எண். நிரலின் பயிற்சிக்கும் சோதனைக்கும் படங்களை விரல் எண்ணை வைத்தே பிரியுங்கள். படங்களைக் குலுக்கிப் பிரித்தால் ஒரே விரல் இரண்டு பக்கமும் விழும். அப்போது வருகிற 99 சதவீதம் வெறும் மனப்பாடம்.

ரேகைப் புள்ளிகளைக் கண்டெடுக்கும் மைன்டிசிடி, அவற்றை ஒப்பிடும் போசார்த்3 ஆகிய இரண்டு நிரல்களையும் இலவசமாகத் தரும் அமெரிக்காவின் நிஸ்ட் தர நிர்ணய நிறுவனத்துக்கும் நன்றி. மைன்டிசிடி, அங்குலத்துக்கு 500 படப்புள்ளி (பிக்சல்) என்ற அளவை வைத்து எழுதப்பட்டது. இதே போட்டியின் 2002 பதிப்பான எஃப்விசி 2002-இன் இரண்டாம் தொகுப்பு 569 படப்புள்ளியில் இருக்கிறது, 0.88 மடங்காகச் சுருக்கிவிட்டுக் கொடுங்கள்.

சோகோஃபிங் என்ற விரல்ரேகைத் தொகுப்புக்காகப் பத்து விரலையும் கொடுத்த 600 ஆப்பிரிக்கர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அதில் விரலுக்கு ஒரே பதிவுதான். சிதைந்த படங்கள் அந்தப் பதிவிலிருந்தே கணினியில் செய்தவை. சிதைவைக் கண்டுபிடிக்க அருமையான தொகுப்பு. ஆளை அடையாளம் காண்பதற்கு அதைச் சான்றாகக் காட்டும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

டெல்லி ஐஐஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்கு ரேகை கொடுத்த கிராமத்து மக்களுக்குத் தனி நன்றி. மண்ணும் சிமெண்டும் தேய்த்த இப்படிப்பட்ட விரல்களைத்தான் ரேஷன் கடைக் கருவி திரும்பத் திரும்ப மறுக்கிறது. இந்த வகைப் படங்கள் இன்னும் போதவில்லை. திரட்ட முன்வரும் கல்லூரிகள் ஒரே விரலை வெவ்வேறு நாட்களில், குறைந்தது இரண்டு கருவிகளில் பதியுங்கள். படங்களை பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள், நுணுக்கங்களை இழக்கும் ஜேபெக் வேண்டாம். பிற ஆய்வாளர்களோடு பகிரலாமா என்பதை ஒப்புதல் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்.

நன்றியுடன்,
விரல்ரேகை ஆய்வுக் குழுவினர்