வைக்கோல் மிஷினில் கை வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டாரத்தில் இரண்டாம் போக அறுவடை தொடங்கிவிட்டால், கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வழியாகத் தமிழ்நாட்டு அறுவடை மிஷின்கள் வந்து இறங்கும். பின்னாலேயே டிராக்டரில் பூட்டிய பேலர்கள் வந்து வைக்கோலைக் கட்டுக் கட்டும். தொழுவத்துக்கு வந்த கட்டைப் பிரித்துத் துண்டு போட மோட்டார் வைத்த வெட்டும் மிஷின் இருக்கிறது. இவற்றில் கை சிக்குவது பெரும்பாலும் அடைப்பு எடுக்கும்போது, கத்தி மாற்றும்போது, செயினுக்கு எண்ணெய் விடும்போது. அந்த அடைப்பைக் கொண்டுவருவதே மழுங்கிய கத்தியும் தொய்ந்த செயினும்தான் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் நிறுத்தும் முறை. டிராக்டர் இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் பூட்டிய மிஷினுக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. வேட்டி முனையோ தோள்துண்டோ அதில் பட்டால், 'நிறுத்து' என்று கத்தி முடிப்பதற்குள் ஆளை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பேலரில் கை வைக்கும் முன் பி.டி.ஓ.வைத் துண்டிப்பது போதாது. இன்ஜினை அணைத்து, சாவியை உருவி, கை வைக்கப்போகிறவரே அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கனமான ஃபிளைவீல் அதற்குப் பிறகும் ஓடும். சத்தம் அடங்கியதை நம்பாமல், சக்கரம் நின்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

தொழுவத்து மிஷினில் ஆபத்து வேறு மாதிரி. கரண்ட் போய்விடும், ஸ்விட்ச் போட்டபடியே கிடக்கும். 'கரண்ட்தான் இல்லையே' என்று வாய்க்குள் கை விட்டு வைக்கோலை உருவுவார்கள். அந்த நேரம் கரண்ட் வந்தால் மிஷின் தானாகவே ஓடும். 'நோ-வோல்ட் காயில்' என்ற சுருள் உள்ள ஸ்டார்ட்டரில் கரண்ட் போனதும் இணைப்பு விட்டுவிடும். பச்சைப் பொத்தானை மறுபடி அமுக்காமல் ஓடாது. வெறும் ஸ்விட்சில் ஓடும் மிஷின்களுக்கெல்லாம் இதை மாட்டுவது முதல் செலவாக இருக்கட்டும். அப்போதும் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் வேலை. பிளக் இல்லாவிட்டால் ஃபியூஸ் கட்டையை உருவி மடியில் கட்டிக்கொள்ளுங்கள்.

இனி கத்தி. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். பச்சைப் புல்லை மட்டும் வெட்டும் கத்தியைவிட வைக்கோல் வெட்டும் கத்தி சீக்கிரம் மழுங்கும். கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. மழுங்கியது மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். கோடு தெரிந்தால் சாணை பிடிக்கும் நேரம். அதைத் தள்ளிப்போட்டால் வைக்கோல் வெட்டுப்படாமல் மடிந்து இடுக்கில் நுழையும், மோட்டார் முனகும், வாய் அடைக்கும், கை உள்ளே போகும்.

கத்தியைக் கழற்றும் முன், அது பூட்டியிருக்கும் ஃபிளைவீலுக்கு மரக்கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கத்தியைக் கழற்றியதும் எடை ஒரு பக்கம் சாய்ந்து சக்கரம் தானே திரும்பும். மற்றக் கத்தி விரலுக்கு வரும். ஒருவர் சக்கரத்தைத் திருப்ப இன்னொருவர் கத்தியருகே கை வைப்பது கூடவே கூடாது. திருப்புவதும் கழற்றுவதும் ஒரே ஆளாக இருக்கட்டும். கத்தியைப் பிடிக்கக் கனத்த தோல் கையுறை நல்லது. ஆனால் மிஷின் ஓடும்போது கையுறை போடாதீர்கள், அது செயினில் சிக்கிக் கையையும் சேர்த்து இழுக்கும்.

சாய்வு உள்ள பக்கத்தை மட்டும் பழைய கோணத்திலேயே சாணை பிடிக்க வேண்டும். தட்டைப் பக்கத்தில் எண்ணெய்க்கல்லால் பிசிறு எடுத்தால் போதும். கிரைண்டரில் அழுத்திப் பிடித்துக் கத்தி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று. எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் தோய்த்து, மெதுவாகத் தீட்டுங்கள். தீட்டிய கத்திகளைத் தராசில் வைத்து எடையைச் சமப்படுத்துவதைப் பலர் செய்வதில்லை. மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி 50 கிராம் வித்தியாசம் இருந்தால், நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் அது சுமார் 5 கிலோ இழுவையாகி ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றி உலுக்கும். போல்ட் தளர்வதும் பேரிங் போவதும் அங்கேதான் ஆரம்பிக்கும். உடைந்த ஒரு கத்திக்கு மட்டும் புதிது போடாமல் ஜோடியாக மாற்றச் சொல்வதும் இதனால்தான்.

கத்தி போல்ட்டின் தலையில் 8.8 என்ற வலிமை முத்திரை இருக்க வேண்டும். 12 மி.மீ. போல்ட்டானால் ஓரடி ஸ்பேனரின் முனையில் சுமார் 25 கிலோ இழுப்பு கொடுத்து முறுக்கி, அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள். மிஷினோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ளுங்கள். கத்திக்கும், அதற்கு எதிரே அசையாமல் இருக்கும் நிலைத்தட்டுக்கும் இடையே சுமார் அரை மில்லிமீட்டர், இரண்டு போஸ்ட்கார்டு கனம் போதும். ஒரு துண்டுக் காகிதத்தைக் குச்சியில் செருகி நீட்டி, சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எங்கே வைத்தாலும் காகிதம் கிழியாமல் வெட்டுப்பட்டால் சரி.

செயினில் பலரும் செய்யும் தப்பு கிரீஸ் பூசுவது. கிரீஸ் கண்ணிக்குள் இறங்காது. வெளியே நின்று வைக்கோல் தூசியைப் பிடித்து அரைக்கும் விழுதாகிவிடும். பழைய இன்ஜின் ஆயிலிலும் இரும்புத்தூள் இருக்கும். ஓட்டம் முடிந்து செயின் சூடாக இருக்கையில், மிஷினை நிறுத்தி, பிரஷ்ஷால் தூசி தட்டி, கண்ணித் தகடுகளின் இடுக்கில் புதிய 40ஆம் எண் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இரவோடு உள்ளே இறங்கிவிடும். ஓடுகிற செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பது பல்சக்கரத்துக்கு விரலைக் கொடுப்பது.

தேய்மானத்தை அளவுகோலே சொல்லும். முக்கால் அங்குலச் செயினில் 16 கண்ணி, பின் நடுவிலிருந்து பின் நடு வரை, புதிதில் 305 மி.மீ. இருக்கும். 311 வந்தால் புதிய செயின் வாங்கி வையுங்கள். 314 ஆனால் ஓட்டாதீர்கள். பல் கொக்கிபோல வளைந்த பல்சக்கரத்தில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரமே கெடும். சக்கரங்களுக்கு நடுத்தூரம் 60 செ.மீ. என்றால் செயினின் தொய்வு மேலும் கீழுமாக மொத்தம் 12 மி.மீ. இருக்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் பல் தாவும்; சுத்தமாக இறுக்கினால் பேரிங் சாகும். சக்கரத்தை நாலு இடத்தில் நிறுத்தி அளந்து, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தை வைத்துச் சரிசெய்ய வேண்டும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கின் மூடிய முனை ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

இன்னொன்று கயிறு. கட்டைப் பிரிக்கையில் நைலான் கயிறு முழுவதும் வெளியே வந்ததா என்று பாருங்கள். உள்ளே போன துண்டு ஷாஃப்டில் சுற்றி, பேரிங்கின் சீல் வளையத்தை அறுத்துச் சூடேற்றும். பக்கத்திலேயே காய்ந்த தூசி கிடக்கிறது. மாட்டின் வயிற்றுக்குள் போனாலும் ஆபத்துதான். ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறதென்று கெட்டியான போல்ட் போடுவதும் வேண்டாம். அது உடைவதற்காகவே வைத்தது. அது உடையாவிட்டால் கியர் பாக்ஸ் உடையும்.

இங்கே மிஷின் ஓட்டுபவர் தமிழர், வயல்காரர் மலையாளி, கட்டுத் தூக்குபவர் வங்காளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். எச்சரிக்கை ஸ்டிக்கரோ பல மிஷின்களில் ஆங்கிலத்தில் மட்டும். கிருஷி பவன் எனும் வேளாண் அலுவலகங்களும் பால் சங்கங்களும் அறுவடைக்கு முன் ஒரு நாள் சாணைக் கல்லும் தராசும் வைத்து ஊர்க் கத்திகளைத் தீட்டித் தரலாம். தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் ஸ்டிக்கர் ஒட்டலாம். வாடகைக்கு எடுப்போரிடம் ஒரு வேண்டுகோள்: கட்டுக் கணக்கில் கூலி பேசுவதால் மிஷினை நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் ஓட்டுநருக்கு நட்டம். காலையில் செயினும் கத்தியும் பார்க்கும் அரை மணி நேரத்துக்குத் தனியாகக் கூலி பேசுங்கள். பி.டி.ஓ. உறை இல்லாத மிஷினை வயலில் இறங்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
வேளாண் இயந்திரப் பட்டறைக்காரர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.