காலில் ஊற்றிய தண்ணீர்: மிஷன் கமிட்டியின் வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

கடந்த மார்ச்சில் நம் சபையிலிருந்து ஆறு பேர் நேபாளம் போய் வந்தோம். ரக்சௌல் வரை ரயில், எல்லை தாண்டி பீர்கஞ்ச், ஹெதௌடா வழியாக மனஹரி, அங்கிருந்து ஆற்றுப்படுகையிலேயே ஓடும் ஜீப், கடைசி இரண்டு மணி நேரம் நடை. மக்வான்பூர் மாவட்டத்து மலையில் செபாங் என்ற பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர் அது. 34 வீடுகள், 19 வீட்டார் விசுவாசிகள். மக்காச்சோளம் தீர்ந்துபோகும் மாதங்களில் காட்டுக்கிழங்கு தோண்டித்தான் சாப்பாடு.

போர்வை, ஸ்கூல் பேக் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, நாம் கொடுக்கப் போகிறவர்கள் என்ற நினைப்போடுதான் மலை ஏறினோம். அதை மறைப்பானேன்.

"ஜெய் மசீ" என்று கைகூப்பி வரவேற்றார்கள். ஒரு பாட்டி அலுமினியக் குடத்தோடு வந்து காலை நீட்டச் சொன்னார். ஆறு பேரும் கால், கை, முகம் என்று தாராளமாகக் கழுவினோம். ஒருவர் ஷூவைக்கூட அலம்பினார். குடம் காலி.

மறுநாள் விடியுமுன் நாலரை மணிக்கு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அதே பாட்டி மூங்கில் கூடையில் குடத்தை வைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். ஊற்றுக்கு இறங்க முக்கால் மணி. அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர். அது கசிகிற வேகத்துக்கு ஒரு குடம் நிறைய இருபது நிமிடம். ஏறிவர ஒன்றேகால் மணி. ஒரு நாளைக்கு அவரால் முடிவது இரண்டு குடம். அதில் ஒன்றைத்தான் எங்கள் காலில் ஊற்றியிருந்தார். ஊரில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முன்பு ஊருக்குப் பக்கத்திலேயே ஊற்று இருந்ததாம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு வற்றிவிட்டது என்றார்கள். அன்று சனிக்கிழமை, அங்கே ஆராதனை நாளே அதுதான். பகல் 11:56க்குப் பூமி ஆடியபோது ஆலயத்தின் கல் சுவர் சரிந்தது. இப்போது இருப்பது தகரக் கொட்டகை.

அந்தக் கொட்டகையில் காணிக்கை நேரத்தில் பெண்கள் ஆளுக்கொரு பிடி மக்காச்சோளம் கொண்டுவந்து கொட்டினார்கள், நம் கைப்பிடி அரிசி போல. அப்புறம் போதகர் கேட்டார்: "உங்கள் சபைக்கு என்ன தேவை? சொல்லுங்கள், ஜெபிக்கிறோம்." ஆலயத்துக்கு எத்தனை டன் ஏ.சி. என்று இதே கமிட்டி இரண்டு கூட்டம் சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. மழைக்காக ஜெபியுங்கள் என்று சமாளித்தோம். உடனே எல்லோரும் எழுந்து நின்று நம் ஊர் மழைக்காகச் சத்தமாக ஜெபித்தார்கள்.

சரி, திட்டத்துக்கு வருவோம். ஊருக்கு மேலே அடுத்த முகட்டில் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது. 2,200 மீட்டர் கறுப்புக் குழாய் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் இறங்கிவிடும். மீட்டருக்கு, சுமைகூலி சேர்த்து, 90 ரூபாய். தொட்டிக்கும் ஆறு குழாயடிக்கும் 2,10,000. இதரச் செலவு 42,000. ஆக மொத்தம் 4,50,000 ரூபாய், நேபாளப் பணத்தில் 7,20,000. இதுவரை சேர்ந்தது 1,35,000. பள்ளம் தோண்டுவது முழுக்க ஊராரின் உழைப்பு; அதற்குக் கூலி வேண்டாம் என்றுவிட்டார்கள். செலவு அங்குள்ள குடிநீர்ப் பயனாளர் குழு வழியாகத்தான் நடக்கும்.

தண்ணீர் 34 வீட்டுக்கும். தொட்டியில் நம் சபைப் பெயரோ கொடுத்தவர் பெயரோ இருக்காது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுச் சட்டப்படி மதம் மாற்றினால் ஐந்தாண்டு வரை சிறை. உதவிக்குப் பின்னால் வேறு நோக்கம் இருக்கிறது என்ற பேச்சு அந்த விசுவாசிகள் தலையில் விழக்கூடாது. தவிர, டியூப்லைட் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு 'உபயம்' எழுதிப் பழகிய நமக்கு இது நல்லதும்கூட.

ஜூனில் மழை பிடித்தால் ஜீப் ஏறாது. மே கடைசிக்குள் குழாய் மேலே போய்ச் சேர வேண்டும். ஆகவே மே முதல் ஞாயிறு வரை காணிக்கைக் கவரில் 'தண்ணீர்' என்று எழுதிப் போடுங்கள், அல்லது பொருளாளரிடம் நேரில் கொடுங்கள். ஒரு மீட்டராக இருந்தாலும் சரி. ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் வாராவாரம் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
மிஷன் கமிட்டி